சாயந்தரத் திருத்தங்கள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மைசூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். பம்ப் பாகங்களுக்குக் கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் வேலை. தொழிற்சாலை ஹெப்பாளில் இருந்தது. ஆபீஸ் மட்டும் ஊருக்கு நடுவே அக்ரஹாரம் என்ற பகுதியில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில். நாங்கள் மாடியில் வரைவதைப் பார்த்து ஹெப்பாளில் இரும்பைக் கடைவார்கள். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு சர்வர். காலை ஒன்பது மணிக்கு ஒருமுறையும் சாயந்தரம் ஐந்து மணிக்கு ஒருமுறையும் டெலிபோன் லைன் வழியாக மோடம் இரண்டையும் பேச வைக்கும். பேசி முடித்ததும் இங்கே உள்ள ஃபைல்களும் அங்கே உள்ள ஃபைல்களும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அப்போது நான் புரொபேஷனில் இருந்தேன். அதாவது, வருடம் முடிந்ததும் பர்மனென்ட் ஆக்குவார்கள், அல்லது கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் 'பர்மனென்ட்' என்ற சொல்லை அப்பா சாமி பேரைப் போலத்தான் சொல்வார். அவர் சேலத்துப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த கொத்தனார். ஹெப்பாளில் பாதித் தொழிற்சாலைகளின் சுவர் தான் எழுப்பியதுதான் என்பார். பாதி என்பது அவருடைய கணக்கு. ஆனால் சுவர் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே போகச் சொன்னது மட்டும் எல்லாத் தொழிற்சாலையிலும் நடந்தது உண்மை. மகன் ஒருவன் அந்த கேட்டுக்கு உள்ளேயே இருந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வேறு எதற்கும் அவர் என்னை வற்புறுத்தியதில்லை.

அதனால் நான் எல்லோரையும் விட அதிகமாக உழைத்தேன். மற்ற டிராஃப்ட்ஸ்மேன்கள் ஐந்து மணி அடித்ததும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிடுவார்கள். வாடிக்கையாளர்கள் அளவை மாற்றிச் சொல்லும் ஃபேக்ஸ்கள் பெரும்பாலும் சாயந்தரம்தான் வரும். நான் இருந்து அவற்றின்படி டிராயிங்குகளைத் திருத்தி, சேவ் செய்து, 'இன்ன டிராயிங்கில் துளையின் அளவு மாறியிருக்கிறது, புதியதைப் பார்த்துக் கடையவும்' என்று ஹெப்பாளுக்கு மெயிலும் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

மறுநாள் காலை வந்து திறந்தால் டிராயிங்கில் பழைய அளவே இருக்கும்.

முதல் தடவை, சேவ் செய்ய மறந்திருப்பேன் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை, சேவ் செய்தபோது வாய்விட்டு 'சேவ்' என்று சொல்லிக்கொண்டேன். காலையில் அதுவும் இல்லை. அனுப்பிய மெயிலின் நகலாவது இருக்குமா என்று தேடினால் அதையும் காணோம். எங்கள் பிரிவுக்கும் ஹெப்பாள் கடைசல் பிரிவுக்கும் சேர்த்து ஒரே மெயில் பெட்டிதான். வந்ததும் போனதும் அதிலேயே விழும். அதில் நான் வேலை செய்ததற்கான அடையாளமே இல்லை. எல்லாத் திருத்தமும் போனாலும் பரவாயில்லை, ஒரு முடிவுக்கு வரலாம். சிலது போகும், சிலது அப்படியே இருக்கும். பகலில் செய்தவை ஒன்றுகூடப் போனதில்லை. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அம்மா ஒரு நாள் மிளகாயும் உப்பும் எடுத்து எனக்குச் சுற்றிப் போட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அப்புறம் ஹெப்பாளில் ஒரு லாட் முழுவதும் பழைய அளவில் துளை போட்டுவிட்டார்கள். அத்தனையும் ஸ்கிராப்.

மேனேஜர் கூப்பிட்டார். அவர் கன்னடக்காரர், கெட்டவர் அல்ல, ஆனால் கோபம் வந்தால் கதவை மூடிக்கொண்டு பேசத் தெரியாது. நான் திருத்தினேன், மெயிலும் போட்டேன், இரண்டும் தானாகக் காணாமல் போயின என்றேன். சொல்லும்போதே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக என் காதிலேயே விழுந்தது. "ஏன்ரீ, கம்ப்யூட்டர் திந்த்பிட்தா?" என்றார். கம்ப்யூட்டர் தின்றுவிட்டதா என்று கேட்கிறார். வெளியே நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த மாதம் உன் புரொபேஷன் முடிகிறது, என்ன எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அங்கிருந்து நேராக சர்வர் அறைக்குப் போனேன். மாடியிலேயே ஏசி இருந்த அறை அது ஒன்றுதான். கம்ப்யூட்டர் பிரிவு என்பது ஒரே ஒரு அம்மாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மார்டள்ளிப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மேசை டிராயரிலிருந்து வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டிருப்பார். அவரை நான் மேடம் என்பேன். அவர் என்னை சார் என்பார். அந்த மாடியில் என்னை சார் என்றவர் அவர் ஒருவர்தான். இரண்டு சர்வர்களையும் பேச வைக்கும் புரோகிராமை எழுதியதும் அவர்தான்.

சண்டை போடத்தான் போனேன். உங்கள் மெஷின் என் சோற்றில் மண்ணைப் போடுகிறது என்று கத்தினேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. கீபோர்டைத் தொடவும் இல்லை. கடலையை என் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காருங்க சார். போனது எதுன்னு அப்பறம் சொல்லுங்க. போகாம இருந்தது எதுங்க?" என்றார்.

அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்ளவில்லை. இழந்ததையே எண்ணிக்கொண்டிருந்த எனக்குத் தங்கியது எது என்று யோசிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. யோசித்து யோசித்து, ஃபேக்ஸ் கட்டைப் புரட்டி, பிழைத்த திருத்தங்களைத் தேதியோடு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"பொழுதோட, அஞ்சு மணிக்கு மேல பண்ணுனதுல தங்குனது பூராம் புதன்கிழமைங்க சார்" என்றார். "வேற கெழமையில ஒண்ணுகூட இல்ல பாருங்க."

வியாழக்கிழமை ஹெப்பாள் தொழிற்சாலைக்கு வார விடுமுறை. எங்கள் மாடிக்கு ஞாயிறு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதாவது அவர் பார்த்தார். எனக்கு இன்னும் புரியவில்லை.

"அங்க ஆளு வராத அன்னைக்கு உங்க வேலை பொழைச்சுக்குது. ஆளு வந்தா போயிருது. அப்ப மெஷின் திங்கலைங்க. காத்தால அங்க யாரோ என்னமோ பண்றாங்க. நேர்ல போய்ப் பாக்கோணும்."

போனில் கேட்டுவிடலாமே என்றேன். "கேட்டா, ஒண்ணும் பண்ணலைன்னுதான் சொல்லுவாங்க. அவங்க பண்றது அவங்களுக்கே தெரியாதுங்க" என்றார். எனக்கு அவர் மேல் மரியாதை வரத் தொடங்கியது அந்த இடத்தில்தான். என்னைப் போல ஆளைத் தேடாமல் அவர் நடந்ததைத் தேடினார்.

மறுநாள் காலை இருவரும் கம்பெனி பஸ்ஸில் ஹெப்பாள் போனோம். கடைசல் பிரிவுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். தமிழர்தான். பட்டறையில் பிறந்து வளர்ந்தவர் மாதிரி கை, ஆனால் நெற்றியில் விபூதி ஒரு கோடுகூடக் கலையாது. எங்களைப் பார்த்ததும், "வாங்க வாங்க, டீ சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைத் தொடங்கினார். மேடம் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி கடைசல் மெஷின்களுக்கு ஊதுபத்தி காட்டினார். அப்புறம் கம்ப்யூட்டருக்கும் காட்டினார். மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, கையில் இருந்த ஆர்டர்களின் டிராயிங் ஒவ்வொன்றையும் திறந்தார். திறந்தார், சேவ் செய்தார், மூடினார். அடுத்ததைத் திறந்தார், சேவ் செய்தார், மூடினார். ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. கடைசியாக மெயில் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்த்துக் கும்பிட்டு எழுந்தார். மணி எட்டே கால் இருக்கும்.

"எதுக்குங்க சேவ் பண்றீங்க?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"ஐயோ, திறந்தா சேவ் பண்ணாம மூடப்படாதும்மா. டிரெய்னிங்ல சொல்லிக் கொடுத்தாங்கல்ல, இந்த ஏரியாவுல கரன்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்? அதுவுமில்லாம காலைல முத காரியம். சும்மா திறந்து மூடுனா, கடைய தொறந்து வச்சிட்டு போணி ஆகாம மூடுற மாதிரி."

"சரிதானுங்க" என்றார் மேடம். டீயைக் குடித்து முடித்தார். நானோ கொதித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது எனக்கு விளக்கிச் சொன்னார். ஒரே ஃபைல் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால் புரோகிராம் தேதியையும் நேரத்தையும் பார்க்கும். எது கடைசியாகச் சேவ் ஆனதோ அதுதான் புதியது என்று எடுத்துக்கொண்டு, மற்றதன் மேல் அதை எழுதிவிடும். ஐந்து மணிப் பேச்சு முடிந்த பிறகு நான் செய்யும் திருத்தம் இரவு முழுவதும் அக்ரஹாரத்திலேயே காத்திருக்கும். காலை எட்டே காலுக்கு மேஸ்திரி தன்னிடம் உள்ள பழைய டிராயிங்குக்குப் போணி செய்வார். ஒன்பது மணிக்கு இரண்டு சர்வரும் பேசும்போது அவருடைய பழையதுதான் புதியது ஆகிவிடும், என்னுடைய புதியது பழையதாகி அழிந்துவிடும். மெயிலும் அப்படித்தான். வந்த மெயில்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்பட்ட ஒரே நீள ஃபைல் அந்தப் பெட்டி. மேஸ்திரி திறந்து பார்த்தாலே அது தொடப்பட்டது ஆகிவிடும். அவருடைய பெட்டி முழுதாக வந்து எங்களுடைய பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பகலில் திருத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஐந்து மணிக்குப் படியிறங்கியவர்களெல்லாம் தப்பித்தார்கள், இருந்து உழைத்த நான் மாட்டிக்கொண்டேன்.

கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமும் ஆச்சரியமும் ஒன்றாக வந்தன. டெலிபோன் லைனில் ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயத்தை, ஒரு காலண்டரையும் ஒரு ஊதுபத்தியையும் வைத்துக்கொண்டு ஒருவர் பிடித்துவிட்டாரே என்று பிரமித்துப்போனேன். இன்றைக்கும் அந்தப் பிரமிப்பு குறையவில்லை. உடனே மேனேஜரிடம் போய் மேஸ்திரியைப் பற்றிச் சொல்லலாம் என்றேன்.

"சொன்னா நம்ப மாட்டாருங்க. நீங்களும் நானும் சேந்து கதை கட்டுறோம்பாரு. அவரையே ஒரு திருத்தம் போட வெக்கோணும்" என்றார். "நாளைக்கு சார் லீவு போட்டுருங்க. நீங்க இந்தப் பக்கமே தலை காட்டப்படாது. அப்பத்தான் உங்க மேல பழி வராது."

மறுநாள் சாயந்தரம், ஐந்து மணி தாண்டியதும், மேடம் மேனேஜரைக் கூப்பிட்டு ஒரு டிராயிங்கின் மூலையில் அவர் கையாலேயே ஒரு குறிப்பு எழுத வைத்திருக்கிறார். எங்கள் பொது மெயில் பெட்டிக்கு ஒரு மெயிலும் போட வைத்திருக்கிறார். இரண்டும் இருக்கின்றன என்று அவரே பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் அன்று வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அப்பாவோடு ரேஷன் கடைக்குப் போய் வந்தேன். என்ன லீவு என்று அவர் கேட்டபோது நடந்ததை எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "சாயந்தரம் வெக்கறது காலைல இருக்காதா? அது என்னடா பொட்டி?" என்றார். சுவரென்றால் ஒருமுறை வைத்த கல் வைத்தபடி இருக்கும், அவருக்குத் தெரிந்த உலகம் அது.

அடுத்த நாள் நான் மாடிப்படி ஏறும்போதே மேனேஜரின் சத்தம் கேட்டது. அவருடைய மெயிலைக் காணோம். அவர் எழுதிய குறிப்பையும் காணோம். கம்ப்யூட்டர் தின்றுவிட்டதா என்று அவரிடம் கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பர்மனென்ட் ஆகாத நாக்கு என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அவருடைய அறையில் மேடமும் நானும் நின்றோம். மேடம் விளக்கினார். மேனேஜர் பாதி கேட்டார். ஸ்கிராப்புக்குக் காரணம் என்று மேலே எழுதி அனுப்ப அவருக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். "யார்து தப்பு?" என்றார். யாருடைய தப்பு? எனக்கு மேஸ்திரியின் பெயர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஊதுபத்தி, குங்குமம், போணி எல்லாவற்றையும் சொல்லிவிடத் தயாராக இருந்தேன்.

"நந்தே சார்" என்றார் மேடம். என்னுடையதுதான்.

மேஸ்திரியின் பேச்சையே எடுக்கவில்லை. எந்த ஃபைல் புதியது என்பதைத் தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்யும்படி புரோகிராம் எழுதியது நான், அது போதாது, திருத்தி எழுதுகிறேன் என்று கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். மேனேஜர் பேனாவை எடுத்தார். பெங்களூரில் புது சர்வர் டிரெய்னிங்குக்கு மேடத்தை அனுப்புவதாக இருந்தார்கள். அதற்காக ஒரு சூட்கேஸ்கூட வாங்கி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே டிரெய்னிங் போய்விட்டது. முதலில் இருப்பதைச் சரி செய், புதியதை அப்புறம் படிக்கலாம் என்றார் மேனேஜர்.

வெளியே வந்ததும் அவரிடம் சண்டைக்குப் போனேன். "ஏன் மேடம், அந்தாளு பண்ணுனதுக்கு நீங்க ஏன் தலைய குடுக்குறீங்க?"

"அவரு கும்புட்டாருங்க சார். கும்புடறது தப்பா? கும்புட்டா அழிஞ்சு போற மாதிரி எழுதி வெச்சது நானுங்க" என்றார். "அவருக்கு ரிட்டயர்மென்டுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்குது. உட்டுடுங்க." கண் கலங்கியிருந்தது. டிரெய்னிங் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். வருத்தம் இருந்தது, அதோடுதான் அப்படிச் சொன்னார்.

அடுத்த சில வாரங்கள் அவர் வேர்க்கடலையைக்கூடத் தொடாமல் எழுதினார். ஒவ்வொரு மெயிலும் தனித்தனி ஃபைலாக இருக்கும்படி பெட்டியைப் பிரித்தார். அப்புறம் ஒரு பெட்டி இன்னொன்றை விழுங்க முடியாது. இரண்டு பக்கமும் தொடப்பட்ட டிராயிங் என்றால் புரோகிராம் தானாக முடிவு செய்யாது. இரண்டையும் வைத்துக்கொண்டு எங்களைக் கேட்கும். கடைசல் பிரிவில் டிராயிங்குகளைப் பார்க்க மட்டும் முடியும், சேவ் செய்ய முடியாது.

"அப்ப மேஸ்திரியோட போணி?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"அதுக்குத்தான் உங்கள தேடிட்டிருக்கறேன். நல்லதா ஒரு கோலம் வரைஞ்சு குடுங்க" என்றார். முணுமுணுத்துக்கொண்டே வரைந்தேன். வரையத் தொடங்கியபின் விட மனமில்லாமல் இழைக்கோலமாக, கம்ப்யூட்டர் துல்லியத்தோடு போட்டுக் கொடுத்தேன். அந்த ஒரு ஃபைல் மட்டும் ஹெப்பாளில் சேவ் ஆகும். மேடம் நேரில் போய், எல்லா டிராயிங்குக்கும் சேர்த்து இனி இதைத் திறந்து சேவ் செய்தால் போதும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்தார். அவர் பூரித்துப்போனாராம். கம்பெனி முதல்முறையாகத் தன் பூஜையை மதித்தது என்று எல்லோரிடமும் சொன்னாராம். பழைய கதை எதுவும் கடைசி வரை அவர் காதுக்குப் போகவில்லை. எனக்கும் அவர் மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை.

மாதக் கடைசி வந்தது. மேனேஜர் என்ன எழுதினார் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் சாயந்தரம், ஐந்து மணிக்கு மேல், எல்லோரும் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். புரொபேஷனில் இருப்பவர்களுக்குத் தனிப் பெட்டி கிடையாது, எல்லாம் பொதுப் பெட்டிதான். பர்சனல் டிபார்ட்மென்டிலிருந்து ஒரு மெயில். என்னைப் பர்மனென்ட் ஆக்கியிருக்கிறார்கள். உத்தரவுக் காகிதம் பின்னால் வரும்.

திரும்பத் திரும்பப் படித்தேன். நேரத்தைப் பார்த்தேன். ஐந்து மணிப் பேச்சு முடிந்திருந்தது. இனி நாளைக் காலை ஒன்பதுதான். நடுவில் ஒரு இரவும், ஒரு எட்டே காலும் இருந்தன. பிரின்டர் இருந்த அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டியை மூடிவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை.

மேடம் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக்கொண்டே வந்தார். திரையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போங்க சார். காத்தால இருக்கும்" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கைக்கு வராததை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வேலை முடிந்த பிறகு கூலி கிடைக்காமல் திரும்பிய பல நாட்கள் அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது அது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் முகம் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்னை பர்மனென்ட் பண்ணிட்டாங்க" என்றேன்.

துண்டு முகத்திலேயே நின்றது. "ஆர்டர் குடுத்துட்டாங்களா?"

"இல்ல. மெயில்ல வந்திருக்கு. இன்னைக்கு சாயந்தரம்."

"சாயந்தரமா?" அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. துண்டை இறக்கி என்னைப் பார்த்தார். "காலைல இருக்குமாடா?"

"இருக்கும்ப்பா" என்றேன்.